உப்பில் வைத்த சாட்சியம்



உப்பளத்துக்கும் வாழைத் தோட்டத்துக்கும் நடுவே இருக்கிறது சாகுபுரம். உப்பு வாருவோரிலும், ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் வேலைக்குப் போவோரிலும் நம் சனம் உண்டு. உப்பிலிருந்தே தொடங்குவோம். விஷத்தால் இறந்ததாகச் சந்தேகிக்கப்படுபவரின் இரைப்பை, ஈரல், சிறுநீரகத் துண்டுகளை நிறைவுற்ற உப்புக் கரைசலில் போட்டுத்தான் பிரேதப் பரிசோதனைக் கூடத்திலிருந்து தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே மருந்தின் பெயர் தெரியலாம். புகட்டிய கையின் பெயர் தெரியாது.

1958-இல் கப்பலில் கோதுமை மாவோடு ஃபாலிடாலையும் ஏற்றி வந்தார்கள். மருந்து மாவில் கசிந்தது. கேரளத்தில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். நீதிபதி ஷா ஆணையம் விசாரித்தது. பூச்சிக்கொல்லிச் சட்டம் வர 1968 ஆயிற்று. சட்டம் வந்த பிறகும் மருந்தடிக்கிறவர் சாவது நிற்கவில்லை. 2017-இல் மராட்டியத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இவ்வகை பாஸ்பரஸ் மருந்துகள், நரம்பின் கட்டளையை முடித்துவைக்கும் நொதியைச் செயலிழக்கச் செய்கின்றன. கட்டளை ஓயாமல் போகிறது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், எச்சிலும் வியர்வையும் பெருகும், தசை துடிக்கும், நுரையீரலில் நீர் கோக்கும். மூச்சு நின்றுதான் சாவு. அட்ரோபின் ஊசியும் செயற்கைச் சுவாசமும் நேரத்தில் கிடைத்தால் பிழைப்பவர்கள் உண்டு.

தானே குடித்தவர் உடலிலும் பிறர் புகட்டிய உடலிலும் இந்த அறிகுறிகள் ஒன்றுதான். வேறுபாட்டை உதட்டின் உட்புறக் காயத்திலும், தாடையிலும் மணிக்கட்டிலும் உள்ள பிடித்த தடத்திலும் தேட வேண்டும். தேட உடல் வேண்டுமே?

விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலை 8 அன்று உடலை விட்டுவைக்கவில்லை. பட்டியல் சாதியைச் சேர்ந்த முருகேசனும் வன்னியரான கண்ணகியும் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். அவர் வேதிப் பொறியியல் படித்தவர் என்பதை நினைக்கும்போதெல்லாம் நமக்கு நெஞ்சு அடைக்கிறது. பிடித்து வைத்து மூக்கிலும் காதிலும் பூச்சி மருந்தை ஊற்றினார்கள். பிறகு எரித்தார்கள். எரித்தது சடங்கல்ல, சாட்சியத்தை அழிக்கும் வேலை. உள்ளூர்க் காவல்துறையோ இரு தரப்பிலும் தலா நான்கு பேரைக் கைது செய்து, அவரவர் பிள்ளையை அவரவரே கொன்றதாகக் கதை கட்டியது. மகனை இழந்த வீடும் குற்றவாளிக் கூண்டில் நின்றது.

சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். முருகேசனின் உறவினர்கள் பிறழவில்லை. உப்புக் கரைசல் சொல்ல முடியாததை அவர்கள் வாய் சொன்னது. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது. அவர்களில் இருவர் காவல்துறையினர். மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானது 2025 ஏப்ரலில்.

‘மருந்து குடித்துவிட்டாள்’ என்று ஒரு தெருவிலிருந்து இனி சேதி வந்தால், நம் தோழர்கள் சுடுகாட்டுக்கு முன் போய் நிற்க வேண்டிய இடம் பிணவறை.