பரணிலிருந்து லாஃப்ட் வரை: வீட்டில் சாமான் சேர்ந்த கதை



சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் அதிக நேரம் பேசப்பட்டது தண்ணீரைப் பற்றியும் இல்லை, லிஃப்டைப் பற்றியும் இல்லை. மாடிப்படித் திருப்பங்களில் கிடக்கும் பழைய சைக்கிள், கால் உடைந்த நாற்காலி, டி.வி. வந்த அட்டைப்பெட்டி இவற்றைப் பற்றித்தான் முக்கால் மணி நேரம் வாதம் நடந்தது. "வீட்டுக்குள்ளே இடமில்லை சார், வேறே எங்கே போடறது?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து எங்கள் லாஃப்டைத் திறந்து பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

நம் தாத்தா பாட்டி வீட்டில் பத்துப் பேர் இருந்தும் இடம் இருந்தது. நம் வீட்டில் நான்கு பேர் இருந்தும் இடம் இல்லை. இது எப்போது, எப்படி ஆனது? செயலாளர் இதழுக்கு ஏதாவது எழுதச் சொன்னதால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். முப்பத்தெட்டு வருஷம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு வேறென்ன தெரியும்?

ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம்

நான் பிறந்தது கும்பகோணம் பக்கத்துக் கிராமம். 1960களில் எங்கள் வீட்டில் இருந்த சாமான்களை இன்றும் விரல் விட்டு எண்ணிச் சொல்ல முடியும். நெல்லுக்குக் குதிர். புளிக்கும் உப்புக்கும் ஜாடி. கடுகு, மிளகு, சீரகத்துக்கு அஞ்சறைப் பெட்டி. பால், தயிர் பூனைக்கு எட்டாமல் இருக்க உறி. விளக்குக்குச் சுவரில் மாடம். கட்டின துணிக்குக் கொடி, பட்டுக்கும் பத்திரத்துக்கும் ஒரு டிரங்குப் பெட்டி. அடுப்புக்கு மேலே பரண். அதில் விறகு, வரட்டி, கல்யாணத்துக்கு மட்டும் இறங்கும் பெரிய அண்டா, தவலை.

கவனித்துப் பார்த்தால் இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சேமிக்கும் இடம் முதலில் இருந்தது, பொருள் பிறகு வந்தது. குதிர் கொள்ளுகிற அளவுதான் நெல். டிரங்குப் பெட்டி மூடுகிற அளவுதான் துணி. அதற்கு மேல் வந்தால் விற்றார்கள், கொடுத்தார்கள்.

வெளியே போகும் வழியும் இருந்தது. கிழிந்த வேட்டி விளக்குத் திரியாகும். பழைய நூல் புடவை முதலில் தூளி, பிறகு கைப்பிடித் துணி, கடைசியில் தரை துடைக்கும் துணி. ஈயம், பித்தளை, இரும்புக்குப் பேரீச்சம்பழம் தருபவர் தெருவில் வருவார். பழைய துணிக்குப் பாத்திரம் தருபவரும் வருவார். தெருவில் குப்பைத்தொட்டி என்று ஒன்று இருந்ததாகவே எனக்கு நினைவில்லை. சாணமும் சாம்பலும் காய்கறித் தோலும் கொல்லைக் குழிக்குப் போய், வருஷத்துக்கு ஒரு முறை வயலுக்குப் போகும்.

இதைச் சொல்லி அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. சாமான் குறைவாக இருந்ததற்குக் காரணம் காசு இல்லாததுதான். அம்மாவுக்கு மூன்று புடவைக்கு மேல் இருந்து நான் பார்த்ததில்லை.

பீரோ வந்தது

வீட்டுச் சாமான்களின் பெயர்களே ஒரு சரித்திரப் புத்தகம். பெட்டி, பேழை, குதிர், உறி, பரண் எல்லாம் நம் சொற்கள். ஆனால் அலமாரி, மேசை, சாவி, ஜன்னல் நான்கும் போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தவை. பீரோ என்பது பிரெஞ்சுச் சொல். அவர்கள் மொழியில் முதலில் அது மேசை மேல் விரிக்கும் முரட்டுத் துணியைக் குறித்தது. பிறகு எழுதும் மேசைக்கு ஆனது, பிறகு அலுவலகத்துக்கு ஆனது. நம் ஊரில் அது துணி வைக்கும் பெட்டகமாக நின்றுவிட்டது. பூட்டிச் சேர்த்து வைக்கும் பழக்கம் நம்மிடம் பரவப் பரவ, அதற்கான பெயர்களும் வெளியிலிருந்து வந்து சேர்ந்தன.

இரும்பு பீரோவுக்குப் பிறந்த தேதியே உண்டு. 1897இல் பம்பாயில் பூட்டுச் செய்யத் தொடங்கிய ஆர்தேஷிர் கோத்ரெஜின் நிறுவனம், பிறகு பணப்பெட்டகம் செய்தது. 1923இல் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது. கரையான் அரிக்காது, எலி கடிக்காது, திருடன் எளிதில் உடைக்க முடியாது. நம் ஊர்ப் பட்டறைகளும் அதே மாதிரி செய்ய ஆரம்பித்தன. யார் செய்தாலும் "கோத்ரெஜ் பீரோ" என்றே பெயராயிற்று. 1970களில் கட்டில், பீரோ இல்லாமல் சீர்வரிசை இல்லை என்ற நிலை வந்துவிட்டது. எங்கள் அக்கா கல்யாணத்துக்கு 1974இல் அப்பா கடன் வாங்கித்தான் பீரோ வாங்கினார். மாட்டு வண்டியில் அது போனபோது தெருவே வாசலில் நின்று பார்த்தது.

பீரோவோடு புதிதாக ஒன்று வந்தது. கொடியில் கிடந்த துணி எல்லோர் கண்ணிலும் படும். பீரோவுக்குள் போனது யார் கண்ணிலும் படாது. என்ன இருக்கிறது என்பதை மறக்கவும் முடிந்தது.

எதையும் எறியாத காலம்

நான் 1981இல் வேலையில் சேர்ந்தேன். ஸ்கூட்டருக்குப் பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம். காஸ் இணைப்புக்கு வரிசை, டெலிபோனுக்கு வரிசை, பாமாயிலுக்கு ரேஷன் கடையில் வரிசை. இப்படிக் காத்திருந்து வாங்கிய பொருளை யார் எறிவார்கள்? ஹார்லிக்ஸ் பாட்டில் பருப்பு டப்பாவாகும். பால் கவர் கழுவிக் காயும். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் மளிகைச் சீட்டாகும். "என்றைக்காவது உதவும்" என்பது அப்போது உண்மையாகவே உதவிய பழமொழி.

அதே காலத்தில்தான் எவர்சில்வர் நம் சமையலறையைப் பிடித்தது. புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், ஈயம் பூச வேண்டாம். அம்மாக்கள் எடைக்குப் பித்தளையைப் போட்டு எவர்சில்வர் வாங்கினார்கள். விசேஷத்துக்கு வந்தவர்களெல்லாம் பெயர் பொறித்த தட்டும் டம்ளரும் கொடுத்தார்கள். பித்தளை தேய்ந்து ஓட்டையாகும், கடைக்குப் போகும். எவர்சில்வர் தேயவில்லை. வந்தது வந்தபடியே இருந்தது. இன்று நம் லாஃப்டுகளில் சணல் சாக்கில் தூங்குவது பெரும்பாலும் அதுதான்.

கதவு திறந்த பிறகு

1991 ஜூலை 24 அன்று மன்மோகன் சிங் வாசித்த பட்ஜெட்டை எங்கள் கிளையில் ரேடியோ வைத்துக் கேட்டோம். அது நம் வீட்டு அலமாரியை மாற்றும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. பத்தே வருஷத்தில் வரிசைகள் மறைந்தன. தவணையில் டி.வி., எக்ஸ்சேஞ்சில் மிக்சி, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். 2007இல் ஃபிளிப்கார்ட் புத்தகம் விற்கத் தொடங்கியது. 2013இல் அமேசான் இந்தியாவுக்கு வந்தது. அதன் பிறகு கடைக்குப் போகும் சிரமமும் போயிற்று.

பொருள் உள்ளே வரும் வேகம் பல மடங்கு கூடியது. வெளியே போகும் வழிகள் ஒவ்வொன்றாக அடைந்தன. பேரீச்சம்பழக்காரர் செக்யூரிட்டியைத் தாண்டி வர முடியாது. பாலியஸ்டர் புடவை திரியாகாது. கொல்லை இல்லை. வீடோ சுருங்கியது. பரண் லாஃப்டாகி, அதற்கும் கதவு போட்டுவிட்டோம். காத்திருந்து வாங்கிய காலத்து மனசோடு, காத்திருக்காமல் வாங்கும் காலத்தில் வாழ்கிறோம். நெரிசலுக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். இளைய குடும்பங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், உட்கார்ந்து பிரித்து ஒதுக்க ஆள் ஏது?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு பீரோ 3 அடி அகலம், 2 அடி ஆழம். கதவு திறந்து நிற்கும் இடத்தையும் சேர்த்தால் 12 சதுர அடி. சதுர அடி 6,000 ரூபாய் என்று வைத்தால் 72,000 ரூபாய். அதற்குள் இருப்பது பத்து வருஷம் தொடாத துணி என்றால், அந்தத் துணிக்கு நாம் 72,000 ரூபாய்க்கு வீடு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். வீட்டுக் கடன் இருப்பவர்கள் வட்டியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வங்கியில் கற்ற பாடம்

வங்கிக் கிளைகளிலும் இதே பிரச்சினை இருந்தது. லெட்ஜரும் வவுச்சர் கட்டும் பழைய ரெக்கார்டு அறையை நிரப்பி, பாத்ரூம் பக்கம் வரை வந்து நிற்கும். அதற்கு அரசாங்கமே 1985இல் ஒரு விதி போட்டது. செக் புத்தகப் பதிவேடு போன்ற சிலவற்றைக் குறைந்தது 5 ஆண்டு, லெட்ஜர், வவுச்சர் போன்றவற்றைக் குறைந்தது 8 ஆண்டு வைத்திருக்க வேண்டும். காலம் முடிந்ததைப் பட்டியல் எடுத்து, அதிகாரி கையெழுத்துப் போட்ட பிறகு அழிப்போம். எதை அழித்தோம் என்பதற்கும் ஒரு பதிவேடு உண்டு.

தூசியில் தும்மிக்கொண்டு அந்த வேலையைப் பல முறை செய்திருக்கிறேன். அதில் ஒரு நிம்மதி இருந்தது. "எறியலாமா, வேண்டாமா" என்று ஒவ்வொரு காகிதத்தையும் பிடித்துக்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. உள்ளே வரும்போதே அதன் ஆயுள் தெரியும்.

ஆனால் இந்தப் பாடத்தை என் சொந்தக் குடும்பத்தில் சொல்லத் தவறிவிட்டேன்.

அண்ணனின் பீரோ

என் அண்ணன் 2021இல் காலமானார். எதையும் எறியாத மனிதர். மூன்று பீரோ, இரண்டு லாஃப்ட், கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டி. 1994இல் பங்கு மார்க்கெட் சூடாக இருந்தபோது அவரும் சில கம்பெனிப் பங்குகள் வாங்கியிருந்தார். அது அண்ணிக்குத் தெரியும். எங்கே என்று தெரியாது. "உங்க அண்ணன் இருந்திருந்தா கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக் கொடுப்பார் தம்பி" என்றார்.

நானும் அவர் மகளும் நான்கு ஞாயிற்றுக்கிழமை தேடினோம். ஜவுளிக்கடைப் பைகள், பழைய காலண்டர், நின்றுபோன கடிகாரங்கள், 1980களின் கரண்ட் பில் கட்டுகள். கடைசியில் ஓர் எல்.ஐ.சி. காலண்டருக்கும் கல்யாண ஆல்பத்துக்கும் நடுவில் பங்குப் பத்திரங்கள் கிடைத்தன. அதற்குள் காலம் கடந்திருந்தது. வீடு மாறியபோது அவர் முகவரி மாற்றவில்லை. தொடர்ந்து 7 ஆண்டு டிவிடெண்ட் கேட்கப்படாத பங்குகள், சட்டப்படி முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். போய்விட்டிருந்தன. வாரிசுச் சான்று, உறுதிமொழிப் பத்திரம், விண்ணப்பம் என்று அலைந்து திரும்ப வாங்க 14 மாதம் ஆயிற்று. இடையில் அண்ணிக்கு முழங்கால் ஆபரேஷன். சொந்தப் பணம் இருந்தும் மகள் கடன் வாங்கிச் செய்தாள்.

பீரோ அந்தக் காகிதத்தைக் கரையானிடமிருந்து காப்பாற்றியது உண்மை. எங்களிடமிருந்தும் மறைத்துவிட்டது. கரண்ட் பில் கட்டுகளை அண்ணன் அவ்வப்போது கழித்திருந்தால் நான்கு ஞாயிறு நான்கு நிமிஷமாகியிருக்கும். வங்கி டெபாசிட்டுக்கும் இப்படி ஒரு விதி உண்டு. 10 ஆண்டு கேட்பாரற்றுக் கிடந்தால் அது ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். பிறகும் கேட்டு வாங்கலாம், ஆனால் இருப்பது தெரிந்தால்தானே கேட்பது?

அடுத்த போகிக்குள்

போகியன்று எல்லோரும் சொல்லும் "பழையன கழிதல்" என்பது நன்னூலில் பவணந்தி முனிவர் மொழியைப் பற்றிச் சொன்னது. வழக்கொழிந்த சொல் தானாக விலகும், புதுச் சொல் வரும். வீட்டுச் சாமான் தானாக விலகுவதில்லை. நாம்தான் விலக்க வேண்டும். எரித்து அல்ல. அன்று எரித்தது கோரைப்பாயும் துடைப்பமும். இன்று எரிப்பது பிளாஸ்டிக். 2018 போகிப் புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தடுமாறின.

நாங்கள் வீட்டில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

1. வாரம் ஓர் இழுப்பறை அல்லது ஒரு தட்டு மட்டும், 20 நிமிஷம். ஒரே நாளில் வீடு முழுவதையும் கலைத்தால் இரவு படுக்க இடமிருக்காது.

2. லாஃப்டில் ஏற்றும் எதன் மேலும் தேதி எழுதுங்கள். சாதனம் வந்த அட்டைப்பெட்டிக்கு வாரண்டி முடியும் தேதி. அந்தத் தேதி வந்தால் பெட்டி கீழே இறங்க வேண்டும்.

3. காகிதங்களை இரண்டாகப் பிரியுங்கள். கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், கடன் முடித்த கடிதம், பிறப்பு இறப்புச் சான்று, படிப்புச் சான்று என்றைக்கும் வேண்டும். பில்களுக்கும் ரசீதுகளுக்கும் ஆயுள் குறியுங்கள். வரிக் காகிதத்துக்கு நான் வங்கிப் பழக்கத்தில் 8 ஆண்டு வைக்கிறேன்.

4. எது எங்கே இருக்கிறது என்று ஒரே ஒரு நோட்டில் எழுதி, வீட்டில் இன்னொருவரிடம் காட்டிவையுங்கள்.

5. மாடிப்படி யாருடைய லாஃப்டும் இல்லை. தீ விபத்தென்றால் நாம் அத்தனை பேரும் இறங்க வேண்டிய ஒரே வழி அது.

எல்லாவற்றையும் கழிக்கச் சொல்லவில்லை. என் மனைவி தன் அம்மாவின் வெண்கலப் பானையைத் தர மறுத்துவிட்டாள். நானும் அப்பாவின் கணக்கு நோட்டை வைத்திருக்கிறேன். 1974ஆம் வருஷப் பக்கத்தில் அக்காவின் பீரோவுக்கு வாங்கிய கடனும், அதை மாதாமாதம் அடைத்த கணக்கும் அவர் கையெழுத்தில் இருக்கின்றன. அதற்கு நான் ஆயுள் தேதி எழுதவில்லை. எங்கே இருக்கிறது என்பதை மட்டும் மகனிடம் சொல்லியிருக்கிறேன்.