அம்பாசிடரின் கண்ணாடி ரப்பர்

பழைய அம்பாசிடர் வைத்திருக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். வைத்திருக்காதவர்களும் படிக்கலாம். வேதியியலும் வரலாறும் கலந்து வரும்; முப்பத்திரண்டு வருடம் கரும்பலகை முன் நின்றவனுக்கு வேறு மாதிரி எழுத வராது.

நான் பார்த்த வரையில் இன்ஜின் போனதால் செத்த அம்பாசிடர் குறைவு. இன்ஜினை எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டிவிடுவார். வண்டி சாவது முன் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பரால்தான். அது கீழ் மூலைகளில் வெடிக்கும். மழைத் தண்ணீர் அந்த வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி, கால் வைக்கும் இடத்தில் மேட்டுக்கு அடியில் தேங்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சில மழைக்காலம் கழித்து மேட்டைத் தூக்கினால் தரைத் தகடு கையோடு பெயர்ந்து வரும். டிங்கர் சொல்லும் தொகையைக் கேட்டு மலைத்துப் போய், வண்டியை எடைக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும். பின் கண்ணாடி ரப்பர் போனால் டிக்கிக்கும் இதே கதிதான்.

கார் வந்த புதிதில் இந்தத் தொல்லை கிடையாது, ஏனென்றால் முன்னால் கண்ணாடியே கிடையாது. பிறகு வந்த கண்ணாடியும் தட்டையானது. பித்தளைச் சட்டத்திலோ மரச் சட்டத்திலோ வீட்டு ஜன்னல் போல நின்றது. அன்றைக்குக் கார் உடல் கட்டியவர்களில் பலர் குதிரை வண்டி கட்டிப் பழகியவர்கள். மரம், கம்பளிப் பட்டை, புட்டி: அவர்கள் கைக்குத் தெரிந்தது அதுதான். அப்புறம் முழு உடலையும் எஃகுத் தகட்டில் அச்சடிக்கும் முறை வந்தது. இங்கிலாந்தில் மாரிஸ் தொழிற்சாலை இருந்த கௌலியிலேயே 1926-ல் பிரெஸ்டு ஸ்டீல் கம்பெனி தொடங்கப்பட்டது. மரம் விடைபெற்றது. ஆனால் தகடு வெயிலில் விரியும். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் உடல் முழுவதும் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். கண்ணாடிக்கு முறுக்கிக்கொள்ளத் தெரியாது, உடையத்தான் தெரியும். இரண்டுக்கும் நடுவே நெளிந்து கொடுக்க ஏதாவது வேண்டும். ரப்பர் அந்த இடத்துக்கு வந்தது இப்படித்தான்.

நம் அம்பாசிடரின் வம்சத்திலேயே இந்த மாற்றத்தைப் பார்க்கலாம். 1948-ல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுக்கு முன் கண்ணாடி இரண்டு துண்டு, நடுவில் ஒரு தண்டு. அதுதான் இங்கே ஹிந்துஸ்தான் 14 என்ற பெயரில் ஓடியது. 1954-ல் வந்த அடுத்த ஆக்ஸ்ஃபோர்டில் ஒரே வளைந்த கண்ணாடி. அது இங்கே லேண்ட்மாஸ்டர் ஆனது. அதற்கடுத்தது அம்பாசிடர். கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் 2014 மே மாதம் வரை அதைச் செய்தார்கள். வளைந்த கண்ணாடி ஒன்றைப் போல் இன்னொன்று அச்சாக அமையாது, தகட்டு வாசலும் அப்படியே. அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தையும் ரப்பர்தான் விழுங்கிக்கொண்டது.

ரப்பரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கும். ஒரு பள்ளத்தில் கண்ணாடி உட்காரும், மறு பள்ளம் தகட்டின் விளிம்பைக் கவ்வும். கேட்க எளிது. மாட்டும்போதுதான் தெரியும். என் பழைய மாணவர் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். வெளியே நின்று உள்ளங்கையால் அழுத்தும் வேலையை எனக்குக் கொடுப்பார். முதலில் வாசலின் விளிம்பைச் சுரண்டி, பழைய பசையும் துருவும் போகும்வரை சுத்தம் செய்து பெயின்ட் அடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் புது ரப்பர் போடுவது அழுக்குப் புண்ணுக்குக் கட்டுப் போடுவது மாதிரி. பிறகு மேஜைமேல் துணி விரித்து, கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டுவார்கள். தகட்டைக் கவ்வ வேண்டிய பள்ளத்துக்குள் ஒரு கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரண்டு முனைகளையும் கீழே நடுவில் ஒன்றையொன்று தாண்டும்படி விடுவார்கள். சோப்புத் தண்ணீர் தடவிக் கண்ணாடியை வெளியிலிருந்து வாசலில் பொருத்தியதும், உள்ளே உட்கார்ந்திருப்பவர் கயிற்றை மெல்ல இழுப்பார். கயிறு வெளியே வர வர, ரப்பரின் உதடு தகட்டைத் தாண்டி உள்ளே விழும். அதே இடத்தில் வெளியே இருப்பவர் அழுத்த வேண்டும். "சார், தட்டாதீங்க, அழுத்துங்க" என்பார் மாணவர். தட்டினால் ஒரு விரிசல், கண்ணாடி போச்சு.

இரண்டு விஷயத்தில் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். ஒன்று, அளவு. வளையமாக வராமல் நீளமாக வாங்கி வெட்டும் ரப்பரைச் சரியான அளவுக்கு இழுத்துப் பிடித்து வெட்டக் கூடாது. சற்றுக் கூடுதலாக விட்டு நெருக்கி மாட்ட வேண்டும். இழுத்து மாட்டியது பின்னால் சுருங்கும், இணைப்பு வாய் பிளக்கும். இன்னொன்று, வழுக்குவதற்காகக் கிரீஸோ மண்ணெண்ணெயோ தடவுவது. பெட்ரோலியப் பொருள் பட்டால் இயற்கை ரப்பர் ஊறி, உப்பி, வலுவிழந்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.

மூலையில் மட்டும் ஏன் முதலில் வெடிக்கிறது? 1839-ல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி, வெயிலுக்கு ஒட்டாத, குளிருக்கு விறைக்காத பொருளாக்கினார். ஆனால் அந்த ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் ஏராளமாக மிச்சம் இருக்கின்றன. காற்றில் மிகக் கொஞ்சமாக இருக்கும் ஓசோன் அவற்றைத் தேடிப் போய் அறுக்கிறது. தளர்ந்து கிடக்கும் ரப்பரில் இது பெரிதாகத் தெரியாது. இழுபட்டு நிற்கும் ரப்பரில் ஒவ்வொரு அறுப்பும் வாய் பிளந்து, இழுவைக்குக் குறுக்காகக் கோடு கோடாக வெடிக்கும். ரப்பர் அதிகம் இழுபட்டு நிற்பது மூலை வளைவில். ஒரு ரப்பர் பேண்டை இரண்டு ஆணிக்கு நடுவே இழுத்து மாட்டி மொட்டை மாடியில் விட்டுப் பாருங்கள்; பிள்ளைகளுக்கும் காட்டலாம். 1960களில் விற்பனைக்கு வந்த ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரின் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லை. ஓசோனுக்கு அங்கே வேலை இல்லை. 'ஒரிஜினல்' வேண்டும் என்று அலைந்து, கிடங்கில் பல வருடம் கிடந்த பழைய ரப்பரை வாங்கி மாட்டுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது.

ரப்பர் என்றதும் குட்இயரோடு நிறுத்திவிடுவது பாடப்புத்தகத்தின் பழக்கம். பால் எடுத்தது யார் என்றும் கேட்க வேண்டும். 1876-ல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு வந்தார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. மறு வருடம் சிங்கப்பூருக்குப் போனவை 22. மலாயாவில் அது தோட்டம் தோட்டமாகப் பெருகியபோது, விடியுமுன் எழுந்து பட்டையைச் சீவிக் கோப்பையில் பால் சேர்த்தவர்களில் பெரும்பங்கினர் நம் தஞ்சாவூர், திருச்சி, சேலம், ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கப்பலேறிய தமிழர்கள்.

மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு அறிமுகமான 1948 அக்டோபரில் மலாயா எப்படி இருந்தது? அந்த ஜூன் மாதமே பிரிட்டிஷ் அரசு அவசரநிலை அறிவித்திருந்தது. தோட்டத் தொழிலாளர்களும் சேர்ந்திருந்த அகில மலாயா தொழிற்சங்கக் கூட்டமைப்பு தடை செய்யப்பட்டது. அதன் தலைவர் எஸ்.ஏ. கணபதி, தஞ்சை மாவட்டத்துக்காரர். துப்பாக்கி வைத்திருந்தார் என்று குற்றம் சாட்டி, 1949 மே 4-ம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். போர் முடிந்து கடனில் தவித்த பிரிட்டனுக்கு டாலர் ஈட்டித் தந்தவற்றில் மலாயா ரப்பர் முன்வரிசையில் நின்றது. கார் கண்காட்சிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் ஒரே பக்கத்தில் வைப்பதில்லை. நான் வைக்கிறேன்.

கார் கண்ணாடி ரப்பரைப் பார்த்துக் கட்டடம் கட்டியவர்களும் உண்டு. 1956-ல் அமெரிக்காவில் டெட்ராய்ட் அருகே திறக்கப்பட்ட ஜெனரல் மோட்டார்ஸ் தொழில்நுட்ப மையத்தில், கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென் ஜன்னல்களை நியோப்ரீன் ரப்பர் பட்டையில் நிறுத்தினார். அந்த யோசனை கார் கண்ணாடியிலிருந்து வந்தது.

இன்றைய கார்களில் கண்ணாடியைப் பாலியூரித்தேன் பசையால் உடலோடு ஒட்டிவிடுகிறார்கள். கண்ணாடியும் உடலின் பலத்தில் ஒரு பங்கு சுமக்கிறது. மோதினால் எளிதில் கழன்று விழாது. பழைய ரப்பரில் நின்ற கண்ணாடி முழுசாகத் தெறித்து விழுவதுண்டு, ஆளும் அதன் வழியே வெளியே போவதுண்டு. ஆகவே பசை நல்லதுதான். அதில் எனக்கு வருத்தமில்லை. கயிறு இழுக்கத் தெரிந்தவர்கள்தான் குறைந்துகொண்டே போகிறார்கள். உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால், அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் ஐப்பசி மழைக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒருவர் வெளியே ஹோஸ் பைப்பால் கண்ணாடிமேல் பத்து நிமிடம் தண்ணீர் விடட்டும். நீங்கள் உள்ளே உட்கார்ந்து, மேட்டைத் தூக்கி, இரண்டு ஓரத்திலும் கைவைத்துப் பாருங்கள். ஈரம் பட்டால் முதலில் ரப்பரை மாற்றுங்கள். தரைக்கு ஒட்டுப் போடுவது அதற்குப் பிறகு.