மாயமாகும் சிடி டிரைவ்

பொத்தானை அழுத்தினால் தட்டு வெளியே வருகிறது. சின்ன விளக்கும் எரிகிறது. ஆனால் ‘மை கம்ப்யூட்டர்’ பக்கத்தைத் திறந்தால் சிடி டிரைவ் இருந்த சுவடே இல்லை. 1990களிலும் 2000களிலும் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்த பலருக்கு இந்தக் கூத்து பழக்கமானது. தட்டு திறக்கிறதே என்று பார்த்தால், அதற்கு மின்சாரம் வருகிறது என்பதற்கு மேல் பொருள் கிடையாது. மின்சாரத்துக்கு ஒரு வயர், தகவலுக்கு வேறொரு கேபிள். டிரைவ் செத்துவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கி மாட்டினால், பல சமயம் அதுவும் கண்ணில் படாது. கோளாறு இருந்தது டிரைவில் அல்ல, டிரைவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே நின்ற இடைத்தரகர்களிடம்.

இந்தத் தரகு வேலை தொடங்கியது, விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் காலத்தில். 1981இல் வந்த ஐபிஎம் பிசி, ஃப்ளாப்பிகளுக்கு ‘ஏ’, ‘பி’ என்ற எழுத்துகளைக் கொடுத்தது. இரண்டு ஆண்டு கழித்து ஹார்ட் டிஸ்க் ‘சி’யாக வந்து சேர்ந்தது. அதற்கும் பிறகு வந்த சிடிக்கு 650 எம்பி கொள்ளளவு. அன்றைய டாஸோ ஒரு பகுதியில் 32 எம்பிக்கு மேல் கையாளத் தெரியாதது. மைக்ரோசாஃப்ட் இதற்கு ஒரு தந்திரம் செய்தது. எம்எஸ்சிடிஇஎக்ஸ் என்ற நிரல், சிடி டிரைவை வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் வழியாக வரும் டிஸ்க் போலக் காட்டியது. தன் பெட்டிக்குள்ளேயே இருக்கும் டிரைவை டாஸ் கடைசிவரை அயலூர்க்காரனாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தது.

அந்த ஏமாற்று நடக்க இரண்டு கோப்புகள் ஒத்துப்போக வேண்டும். கான்ஃபிக்.சிஸ் கோப்பில் டிரைவரை, அதாவது சாதனத்தை இயக்கும் நிரலை, ஏற்றும் வரியில் டிரைவுக்கு ஒரு பெயர் வைப்பார்கள், வழக்கமாக எம்எஸ்சிடி001. ஆட்டோஎக்செக்.பேட் கோப்பில் எம்எஸ்சிடிஇஎக்ஸை அழைக்கும் வரியிலும் அதே பெயர் எழுத்து பிசகாமல் இருக்க வேண்டும். ஒரு பூஜ்யம் விட்டுப்போனால் டிரைவ் இல்லை. இன்னொரு பொறியும் உண்டு. லாஸ்ட்டிரைவ் என்ற வரியில் எதுவும் சொல்லாவிட்டால் டாஸ் ‘இ’ வரைக்கும்தான் எழுத்துகளை ஒதுக்கும். ஹார்ட் டிஸ்க்கை மூன்றாகப் பிரித்து வைத்திருந்த வீட்டில் சிடிக்கு எழுத்தே மிஞ்சாது.

கேபிள் கதை இன்னும் குழப்பம். 1990களின் தொடக்கத்தில் சிடி டிரைவைப் பெரும்பாலும் சவுண்ட் கார்டில்தான் மாட்டினார்கள். மிட்சுமிக்கு ஒரு முறை, சோனிக்கு ஒரு முறை, பானசோனிக்குக்கு ஒரு முறை. மூன்று இணைப்புகளையும் ஒரே அட்டையில் வைத்த சவுண்ட் பிளாஸ்டர் கார்டுகளும் விற்றன. பிறகு அட்டாபி என்ற பொது முறை வந்து, சிடி டிரைவும் ஹார்ட் டிஸ்க்கும் ஐடிஇ கேபிளைப் பங்கிட்டுக்கொண்டன. ஒரு கேபிளில் இரண்டு சாதனம். ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். யார் எது என்பதை டிரைவின் முதுகில் இருக்கும் ஜம்பர் என்ற துளிப் பிளாஸ்டிக் முடிவு செய்யும். இரண்டையும் மாஸ்டராக வைத்தால் ஒன்று மறையும், சில சமயம் இரண்டுமே.

பழுது பார்ப்பவர்களுக்கு அட்டாபி ஒரு நல்ல சோதனையைக் கொடுத்தது. கம்ப்யூட்டர் எழும்போது கறுப்புத் திரையில் பயாஸ் என்ற தொடக்க நிரல் அச்சிடும் பட்டியலைப் பார்க்க வேண்டும். அங்கேயும் பெயர் இல்லையென்றால் பெட்டியைத் திறந்து கேபிளையும் ஜம்பரையும் பார். அங்கே இருந்து விண்டோஸில் மட்டும் இல்லையென்றால் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வை. விண்டோஸைத் திரும்பப் போட்டு ஒரு நாளை வீணாக்குவதைவிட இந்த அரை நிமிடம் எவ்வளவோ மேல்.

1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95, டாஸ் தரகர்களை ஒதுக்கிவிட்டுத் தானே டிரைவோடு பேசப் பார்த்தது. ஐடிஇ டிரைவர் ஒருமுறை சரியாக எழாவிட்டால், ரெஜிஸ்ட்ரி என்ற தன் அமைப்புப் பதிவேட்டில் ‘நோஐடிஇ’ என்று ஒரு குறிப்பை எழுதி வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கோளாறு நீங்கினாலும் அந்த டிரைவரை ஏற்ற முயலாது. குறிப்பை அழித்துவிட்டு மறுபடி தொடங்கினால் டிரைவ் திரும்பிவிடும். இதைவிட வேடிக்கை விண்டோஸை நிறுவும்போது நடக்கும். சிடி டிரைவ் காணாமல் போயிருக்கும். அதை மீட்பதற்கான கோப்பைச் சிடியிலிருந்து கொடு என்று திரை கேட்கும். விண்டோஸ் 98இன் பூட் ஃப்ளாப்பியிலேயே பொதுவான சிடி டிரைவரைச் சேர்த்து வைத்தது பெரிய புண்ணியம்.

2001இல் எக்ஸ்பி வந்தபோது சிடியில் எழுதும் மென்பொருள்கள் பெருகியிருந்தன. அவை டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவே தங்கள் வடிகட்டி டிரைவர்களை நுழைத்தன. ரெஜிஸ்ட்ரியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு பட்டியல்களில் அவற்றின் பெயர்கள் இருக்கும். தீயணைக்க வாளியைக் கைமாற்றும் வரிசை போலத்தான்: நடுவில் ஒருவர் விலகினால் தண்ணீர் மறுமுனைக்குப் போகாது. மென்பொருளை நீக்கும்போது கோப்பு போய்விடும், பெயர் பட்டியலிலேயே நின்றுவிடும். விண்டோஸ் அந்தப் பெயரைத் தேடும், கிடைக்காது, உடனே டிரைவையே கைவிட்டுவிடும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியும், 19, 31, 32, 39 என்பதில் ஏதோ ஓர் எண்ணும் தெரியும். இரண்டு பட்டியல்களையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள் என்று மைக்ரோசாஃப்டே உதவிக் குறிப்பு வெளியிட்டது.

வடிகட்டியை நுழைக்க எழுதும் மென்பொருள்தான் வேண்டும் என்பதில்லை, ஒரு பாட்டு சிடியே போதும். சோனி பிஎம்ஜி நிறுவனம் நகலெடுப்பதைத் தடுக்க, ஃபர்ஸ்ட் 4 இன்டர்நெட் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் எக்ஸ்சிபி மென்பொருளை இசைத் தட்டுகளில் சேர்த்தது. கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்கத் தேவையானதை நிறுவும் சாக்கில் அது தன் டிரைவர்களையும் ஏற்றி, தன்னை ஒளித்துக்கொண்டது. மார்க் ருசினோவிச் என்ற விண்டோஸ் நிபுணர் வான் சான்ட் சகோதரர்களின் ஆல்பம் ஒன்றால் தன் கம்ப்யூட்டரில் இது புகுந்ததைக் கண்டுபிடித்து, 2005 அக்டோபர் 31 அன்று எழுதினார். ஒளிந்திருந்த கோப்புகளை அவர் அழித்ததும் சிடி டிரைவ் மாயமானது! எக்ஸ்சிபி வடிகட்டி வரிசையில் தன் பெயரைப் பதித்திருந்தது. விண்டோஸின் உள் நுட்பம் கற்றவர் என்பதால் பெயரைத் தேடிப் பிடித்து நீக்கி டிரைவை மீட்டார். ஆல்பம் வாங்கிய மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

நவம்பரிலேயே சோனி பிஎம்ஜி 52 ஆல்பங்களைத் திரும்பப் பெற்றது. எக்ஸ்சிபி உள்ள தட்டுகள் சுமார் 47 லட்சம் வெளியாகியிருந்தன, 21 லட்சம் விற்றுமிருந்தன. 2007 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையத்துடன் செய்த உடன்பாட்டில், அந்த மென்பொருளை நீக்கப் போய்க் கம்ப்யூட்டரைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு 150 டாலர் வரை பழுதுச் செலவு தர நிறுவனம் ஒப்புக்கொண்டது.

சாட்டா கேபிள் வந்தபின் மாஸ்டர், ஸ்லேவ் சண்டை ஓய்ந்தது. வடிகட்டிப் பட்டியல்கள் ஓயவில்லை. விண்டோஸ் 7, 8, 10 வரையிலும் டிரைவ் காணாமல் போனதற்கு மைக்ரோசாஃப்ட் அதே பழைய மருந்தைச் சொன்னது. கூடவே இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டது: ரெஜிஸ்ட்ரியில் அட்டாபி சேவையின் கீழ் ‘கன்ட்ரோலர்0’ என்று ஒரு கிளையை உருவாக்கி, அதில் ‘ஈனம்டிவைஸ்1’ என்ற பெயரில் 1 என்று எழுதி, கம்ப்யூட்டரை மறுபடி தொடங்க வேண்டும்.