ஆலந்தி மாதுளையும் எங்கள் பால்கனித் தொட்டியும்

புனேவுக்கு மாற்றலாகி வந்த புதிதில் ஒரு மாதுளங்கன்று வாங்கித் தொட்டியில் வைத்தேன். மூன்று வருஷமாக வெறும் இலைதான். மாதம் தவறாமல் கிளை நுனிகளை நறுக்கிவிட்டு, பூவே இல்லையே என்று புலம்புவது என் வழக்கம். "பேசாம கறிவேப்பிலை வெச்சிருக்கலாம்" என்றார் தங்கமணி. நர்சரிக்காரரிடம் கேட்டால், "இது கணேஷ் சாப், நுனியை வெட்டினா எங்கேர்ந்து காய்க்கும்?" என்றார். யார் இந்த கணேஷ் என்று தேடப் போய்த்தான் இந்தப் பதிவு.

ஞானேஸ்வரர் சமாதி இருக்கிற ஆலந்தி, புனேவுக்குப் பக்கம். அந்தப் பெயரில் ஒரு நாட்டு மாதுளை உண்டு. நல்ல சிவப்பு, ஆனால் விதை பல்லைப் பதம் பார்க்கும். 1936-ல் புனே கணேஷ்கிண்ட் தோட்டத்தில் டாக்டர் ஜி.எஸ்.சீமா, ஆலந்தி வகையிலிருந்து விதை மெத்தென்ற ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்தார். முதலில் ஜிபிஜி-1 என்று ஏதோ கணக்கு நம்பர் மாதிரிப் பெயர். 1970-ல்தான் 'கணேஷ்' ஆனது.

மாதுளையை விதை போட்டு வளர்த்தால் தாய் மாதிரியே வராது. போத்து வெட்டி நட வேண்டும், அல்லது பதியன் போட வேண்டும். அப்படியென்றால் என் தொட்டியில் நிற்பது சீமா பார்த்த அதே மரத்தின் ஒரு துண்டு! அதைத்தான் மூன்று வருஷமாகக் கண்டபடி கத்தரித்திருக்கிறேன்.

தக்காண விவசாயிகளுக்கு இந்த வெட்டும் கணக்கு பழக்கமானது. 'பஹார்' என்பார்கள். தண்ணீரை நிறுத்தி, இலை உதிரவிட்டு, லேசாகக் கவாத்து செய்து, உரமிட்டு, மறுபடி தண்ணீர் விட்டால் மரம் மொத்தமாகப் பூக்கும். மா பூக்கிற காலத்தில் ஆம்பே பஹார், ஜூனில் மிருக் பஹார், செப்டம்பர் வாக்கில் ஹஸ்த பஹார். மிருக் நம்ம மிருகசீரிஷம், ஹஸ்த நம்ம அஸ்தம். பஞ்சாங்கத்தை வைத்தே தோட்டம் நடத்தியிருக்கிறார்கள்.

தொட்டி மண்ணை அவ்வளவு நாள் காயவிடப் பயம். ஜனவரியில் தண்ணீரை மட்டும் குறைத்தேன். அடியில் கிளம்பிய குருத்துகளையும் உள்பக்கம் உரசிய கிளைகளையும் எடுத்துவிட்டு, முற்றிய சிறு கிளைகளின் நுனியைத் தொடவேயில்லை. பூ வந்தது. இரண்டு காய் நின்றது.

ஆகஸ்டில் பறித்தபோது பையன் முகம் சுளித்தான். "பழுக்கவே இல்லப்பா, மஞ்சளா இருக்கு." அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கடையில் கிடைக்கிற செக்கச்செவேல் பக்வா. 2003-04-ல் ராஹுரி வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அதன் பெற்றோரில் ஒன்றே இந்த கணேஷ்தான். உடைத்துக் கொடுத்தேன். விதையைத் துப்பாமல் தின்றான்.