சுருக்கிய கோப்பிலிருந்து மென்பொருள் நிறுவுதல்

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் ஒரு மென்பொருளின் மூலநிரலை ஒரே கோப்பாகக் கட்டிச் சுருக்கி வழங்குவது நெடுநாள் வழக்கம். கட்டும் வேலை டார் என்ற நிரலுடையது. காந்த நாடாவில் கோப்புகளைச் சேமிப்பதற்காக எழுதப்பட்ட அது, 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வெளிவந்தது. சுருக்கும் வேலையை 1992இல் வந்த ஜிசிப்பும், பிற்பாடு வந்த எக்ஸ்இசட்டும் செய்கின்றன. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் இம்முறை பள்ளி மாணவர் வரை வந்துசேர்ந்தது. அக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. சேத்தூர், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இத்தகைய கணினி வைத்திருக்கும் மாணவர் இம்முறையைக் கற்க வேண்டும். ஆனால் நிர்வாகி உரிமை இல்லாமல், தன் சொந்தக் கோப்புறைக்குள் நிறுவிக் கற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

டெபியனில் ஒரே கட்டளையில் மென்பொருளை இறக்கி நிறுவும் வசதி இருக்கும்போது இந்தப் பழைய வழி எதற்கு என்று கேட்கலாம். அன்றாடத் தேவைக்கு அந்த வசதியே சிறந்தது, அதில் ஐயமில்லை. ஆயினும் டெபியன் பொதி ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை இரண்டு டார் கோப்புகள்தாம். ஒன்றில் நிறுவல் குறிப்புகள், மற்றொன்றில் மென்பொருள். கூடவே பதிப்பு எண் எழுதிய ஒரு சிறு கோப்பு. அந்த வசதியைத் தரும் பொதி மேலாளர் செய்வதெல்லாம் அவற்றை விரித்து உரிய இடத்தில் வைத்து, எதை எங்கே வைத்தோம் என்று பதிவு செய்வது. அந்த வேலையைக் கையால் ஒருமுறை செய்தவருக்குக் கணினி சொல்லும் பிழைச்செய்தி புரியத் தொடங்கும். பழைய பதிப்புக் கணினியில் களஞ்சியத்தில் இல்லாத புதிய மென்பொருள் வேண்டுமென்றால் பல நேரம் இதுவே வழி. இணையம் எட்டாத கணினிக்குப் பென் டிரைவில் எடுத்துச் செல்லவும் முடியும். ஆனால் அந்த மென்பொருள் சார்ந்திருக்கும் நிரலகங்களையும் தேடி எடுத்துச் செல்ல வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் சிக்குவது இங்கேதான்.

கோப்பை விரித்தபின் வழக்கமாக மூன்று கட்டளைகள். கான்ஃபிகர், கணினியில் தேவையானவை உள்ளனவா என்று ஆராயும். மேக், மூலநிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும். மேக் இன்ஸ்டால், அதை உரிய இடத்தில் வைக்கும். முதல் இரண்டுக்கும் நிர்வாகி உரிமை தேவையில்லை. மூன்றாவது மட்டும் குனூ மரபுப்படி யூஎஸ்ஆர் லோக்கல் கோப்புறையில் எழுதுவதால், நிர்வாகி உரிமை தரும் சூடோ கட்டளையைக் கேட்கிறது. அப்படி வைத்தவை பொதி மேலாளரின் பதிவேட்டில் ஏறுவதில்லை; பின்னாளில் நீக்குவது பெரும்பாடு. கான்ஃபிகர் கட்டளையிலேயே பிரிஃபிக்ஸ் என்ற தேர்வின் மூலம் தன் கோப்புறைக்குள் ஓர் இடத்தைக் காட்டிவிட்டால் சூடோ வேண்டியதில்லை. அந்த உட்கோப்புறையை மட்டும் அழித்தால் மென்பொருளும் போய்விடும்.

மூலநிரல் கண்முன்னே இருப்பதால் இம்முறை தானாகவே பாதுகாப்பானது என்று சிலர் வாதிடுவர். 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரம் அதை மறுக்கிறது. 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளித்துவைத்த பின்கதவைத் தூண்டும் வரிகள் பொது மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டு டார் கோப்பில் மட்டுமே இருந்தன. எஸ்எஸ்எச் வழி உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். பொதி மேலாளரும் இதற்கு முழு அரணாக இருக்கவில்லை: டெபியனின் சோதனைப் பிரிவுகளுக்குள் அது நுழைந்துவிட்டது, நிலைப்பதிப்பை மட்டும் எட்டவில்லை. சொந்தக் கோப்புறையில் நிறுவினாலும் தீய நிரல் அந்தப் பயனரின் கோப்புகளைத் தொடும். முழுக் கணினியையும் எளிதில் கைப்பற்ற முடியாது என்பதே ஆதாயம். கோப்பை இறக்கும் பக்கத்திலேயே தரப்படும் சரிபார்ப்புத் தொகை, இறக்கியது சிதையவில்லை என்பதை மட்டுமே காட்டும். ஆளை உறுதிசெய்வது படைத்தவரின் மின்கையொப்பம். ஆகவே, விரிக்கும் முன் கையொப்பத்தைச் சரிபாருங்கள். டார் காட்டும் உள்ளடக்கப் பட்டியலைப் படியுங்கள். காரணம் தெரியாமல் சூடோவுக்குக் கடவுச்சொல் தராதீர்கள்.