பொழுது சாயுமுன்

அமெரிக்காவில், நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றிக் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கலாகாது என்பது அரசமைப்பு விதி. மக்களின் வரிப்பணத்தைக் காக்கப் பிறந்த விதி அது. ஒப்புதல் கிடைக்காத துறைகள் பணியை நிறுத்த வேண்டுமென 1980-இல் அரசுத் தலைமைச் சட்ட அதிகாரி சிவிலெட்டி கருத்துரைத்தபின், அதுவே எளியோரை வருத்தும் கருவியாயிற்று.

மெக்சிகோ எல்லைச் சுவருக்கு அதிபர் டிரம்ப் 570 கோடி டாலர் கேட்டார். சனநாயகக் கட்சியினர் மறுத்தனர். 2018 டிசம்பர் 22 முதல் 35 நாள்கள் பல துறைகள் முடங்கின. ஏறத்தாழ 8 லட்சம் ஊழியர்க்கு ஊதியமில்லை. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் ஊதியமின்றியே பணிக்கு வந்தனர். அரசு ஊழியர் பலர் இலவச உணவுக்கு வரிசையில் நின்றனர். பூசலிட்ட நாடாளுமன்ற உறுப்பினரின் சம்பளமோ தடைபடவில்லை.

முடக்கம் நீங்கியபின் ஊழியர் நிலுவையைப் பெற்றனர். ஆனால், ஒப்பந்தக்காரரின்கீழ் அரசுக் கட்டடங்களைக் கூட்டியோரும் அங்கே சமைத்தோரும் இழந்த கூலியை ஈடுசெய்யச் சட்டம் முன்வரவில்லை. 2025-இல் முடக்கம் 43 நாள்கள் நீண்டது. 4 கோடிக்கும் மேற்பட்டோர் நம்பியிருந்த உணவு உதவி நவம்பரில் தடுமாறியது.

ஏழையின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடுமாறு இணைச்சட்ட நூல் பணிக்கிறது. அவர் அதை நம்பியே வாழ்கிறார் என்பதே அது கூறும் காரணம். பின்னர்க் கொடுக்கும் நிலுவை, அன்றைய பசியை ஆற்றாது. தாமதமும் அநீதியே. நம் இல்லத்திலும் பங்கிலும் உழைப்போரை, 'நாளை வாருங்கள்' என்று நாம் அனுப்பிய மாலைகள் எத்தனை?