ஜான்சன் இழந்த காலைப்பொழுது

1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சன், பிழையே இல்லாத நிரலில் ஒரு காலைப்பொழுது முழுவதும் பிழை தேடினார்; திருத்திய கோப்பு மறுதொகுப்புக்கு உள்ளாகவேயில்லை. அந்தப் புலம்பலிலிருந்தே ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் 'மேக்' பிறந்தது.

கிரெயில்ஸ் வலைச்செயலிக்கு உள்ளூர்ச் செருகுநிரல் எழுதுவோர் இன்றும் அதே குழியில் விழுகின்றனர். செருகுநிரலைத் திருத்துவர், உள்ளூர்க் களஞ்சியத்தில் மீண்டும் வெளியிட மறப்பர், செயலியோ பழைய படியையே எடுத்துக்கொள்ளும். (நானும் விழுந்தவனே.)

முன்னைய பதிப்புகளில் செருகுநிரலின் கோப்புறைப் பாதையை ஒரு வரியில் சுட்டினால் போதும். 2015இல் வந்த 3.0 பதிப்பு கிரேடிலுக்கு மாறியது. அது இழப்பெனத் தோன்றலாம். என் கணிப்பில் அன்று. பொதுவான மேற்கோப்புறையின் 'செட்டிங்ஸ்.கிரேடில்' கோப்பில் இரண்டையும் தனித்தனித் திட்டங்களாகச் சேர்த்து, செயலியின் சார்புப் பட்டியலில் செருகுநிரலைத் திட்டமாகவே குறித்தால், களஞ்சியம் இடையில் வாராது. திருத்தம் நேரே செயலியைச் சேரும்.